ஃபாஸ்ட் ஃபுட் கடையில் மரியாதை: கல்லாவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

தருமபுரி நாலு ரோடு, கிருஷ்ணகிரி ரவுண்டானா, பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை என்று எந்த ஊரை எடுத்தாலும் பொழுது சாய்ந்தபின் ஒரு காட்சி உண்டு. ஹை பிரஷர் அடுப்பு இரைந்துகொண்டிருக்கும், மாஸ்டர் கடாயைத் தட்டிக்கொண்டிருப்பார், சுற்றிலும் பத்துப் பேர் நிற்பார்கள். சென்னையிலிருந்து பெங்களூரு போகும் சாலையும் சேலத்திலிருந்து பெங்களூரு போகும் சாலையும் கிருஷ்ணகிரியில் சேர்வதால், இங்கே நிற்கும் பத்துப் பேரில் உள்ளூர்க்காரர், லாரி டிரைவர், ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்தவர், ஊருக்குப் போகும் பெங்களூரு குடும்பம் என்று எல்லாரும் இருப்பார்கள்.

இந்தக் கடைகளில் வரும் வாய்த்தகராறு பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் கிளம்புகிறது. எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லாதது, எவ்வளவு பணம் ஆகும் என்று முன்னாலேயே சொல்லாதது, எது நம்மால் முடியாது என்பதை மறைத்தது. இந்த மூன்றையும் நேராகச் சொல்லிவிடும் கடையில், சப்ளையர் சிரிக்காத ஆளாக இருந்தாலும் சண்டை வராது. சிரித்த முகத்தோடு "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லி இருபது நிமிடம் நிற்கவைக்கும் கடையில் தினமும் வரும். அதனால் இந்தக் குறிப்புகளில் இனிக்கப் பேசுவதைவிடச் சரியாகச் சொல்வதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். கடையில் வேலை செய்பவருக்கு வேண்டியதும் சாப்பிட வருபவருக்கு வேண்டியதும் இதில் கலந்தே இருக்கும். ஒருவர் பக்கத்தை மட்டும் திருத்தி இது சரியாகாது.

கூப்பிடுவது

நம் பக்கம் அண்ணா, அக்கா, தம்பி, பாப்பா போதும். வயதானவர் என்றால் ஐயா, அம்மா. வெளியூர்க் குடும்பத்துக்கு சார், மேடம். பள்ளிக்கூடப் பையன் இருபது ரூபாய்க்கு எதையாவது கேட்டு வந்தாலும் "என்னடா" வேண்டாம், "என்ன வேணும் தம்பி" என்று கேட்கலாம். யாரானாலும் வினைச்சொல்லில் "ங்க" இருக்கட்டும்.

வாங்க வருபவருக்கும் அதே கணக்குதான். சொடக்குப் போடுவது, விசில் அடிப்பது, தட்டைக் கரண்டியால் தட்டிக் கூப்பிடுவது, தன்னைவிட இளையவர் என்பதால் முன்பின் தெரியாத சப்ளையரை "டேய்" என்பது, இவை நான்கும் கடைப் பையனின் முகத்தை அன்றைக்கு முழுவதும் கெடுத்துவிடும். கடாய் இரைச்சலில் கூப்பிட்டது கேட்கவில்லை என்றால் கையை உயர்த்திக் காட்டினால் போதும். வடக்கிலிருந்து வந்த பையனை "ஏய் ஹிந்தி" என்று அழைப்பதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. பெயர் கேட்டால் சொல்லப் போகிறார். இல்லாவிட்டால் "தம்பி" என்பது அவருக்கும் ஒரு வாரத்தில் பழகியிருக்கும்.

ஆர்டர் வாங்குவதும் கொடுப்பதும்

ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை கூட்டம். அந்த நேரத்தில் மனசில் வைத்துக்கொண்டு ஆர்டர் எடுப்பவர் ஐந்தாவது ஆளோடு குழம்பிவிடுவார். துண்டுச் சீட்டு கட்டாயம் வேண்டும். சீட்டில் ஐந்து விஷயம் எழுத வேண்டும்: டோக்கன் எண், ஐட்டம், ஹாஃபா ஃபுல்லா, இங்கேயா பார்சலா, மாற்றம் ஏதாவது உண்டா. சுருக்கமாக எழுதலாம், ஆனால் கல்லாவில் இருப்பவரும் மாஸ்டரும் ஒரே சுருக்கத்தைப் பயன்படுத்த வேண்டும். "பா" என்றால் பார்சல், "கா.க" என்றால் காரம் கம்மி என்று அடுப்புப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள், புது ஹெல்பர் வந்தாலும் தப்பாது.

எழுதியபின் திருப்பிச் சொல்வதை எந்தக் கூட்டத்திலும் விடக் கூடாது. "ரெண்டு சிக்கன் ரைஸ், அதுல ஒண்ணு காரம் கம்மி, ஒரு கோபி, எல்லாம் பார்சல். சரிங்களா?" சொல்லி முடிக்க ஐந்து விநாடி. இதை விட்டுவிட்டு, எக் ரைஸ் கேட்டவருக்குச் சிக்கன் ரைஸ் போட்டுவிட்டால் ஒரு பிளேட் வீண், மறுபடி ஐந்து நிமிடம் அடுப்பு வீண், பின்னால் நிற்கும் எல்லாருக்கும் ஐந்து நிமிடம் தாமதம்.

வாங்க வருபவர் செய்ய வேண்டியது, கல்லாவுக்கு வருவதற்கு முன்பே முடிவு செய்வது. நான்கு பேர் வந்தால் ஒருவர் மட்டும் சொல்லட்டும். போனில் பேசிக்கொண்டே ஆர்டர் சொல்லாதீர்கள். அவர் திருப்பிச் சொல்லும்போது நீங்கள் கேட்கவில்லை என்றால் அந்தச் சீட்டுக்கே பொருள் இல்லை. "வழக்கம்போல" என்று சொல்வது தினமும் வரும் கடையில் சரி, வேறு ஆள் கல்லாவில் இருக்கும் நாளில் முழுதாகச் சொல்லிவிடுங்கள். ஆர்டரைச் சேர்க்க வேண்டுமானால் முதல் சீட்டு கடாய்க்குப் போவதற்கு முன் சொல்ல வேண்டும். கடாயில் அரிசி விழுந்தபின் "எக் வேணாம்" என்றால் அந்தப் பிளேட்டைத் திருத்த வழியில்லை.

தெரிந்தவர், பக்கத்துக் கடைக்காரர், ஊரில் செல்வாக்கு உள்ளவர் என்று வரிசையைத் தாண்டி வாங்குவதுதான் நின்றிருப்பவர்களை அதிகம் கோபப்படுத்தும். தெரிந்தவருக்கு வெங்காயம் கூடுதலாக வையுங்கள், சாஸ் கூடுதலாகக் கொடுங்கள், முறையை மட்டும் மாற்றாதீர்கள்.

நேரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வது

ஃபிரைடு ரைஸும் நூடுல்ஸும் முன்பே வேகவைத்து ஆறவைத்தவை. கடாய் சூடாக இருந்தால் ஒரு சுற்றுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம். ஒரு முறை பொரித்து வைத்த கோபி, சிக்கன் என்றால் மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்து, வெங்காயம் குடைமிளகாயோடு பிரட்டி இறக்க ஆறேழு நிமிடம். மசாலா தடவிய பச்சைச் சிக்கனை அப்போதுதான் எண்ணெயில் போட வேண்டும் என்றால் அதற்கு மேலும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாதாரணக் கடாயில் ஒரு சுற்றுக்கு இரண்டு பிளேட், மிஞ்சினால் மூன்று. நான்காவது பிளேட் அரிசியையும் கொட்டினால் கடாயின் சூடு இறங்கிவிடும், அரிசி வறுபடாமல் ஆவியில் புழுங்கும், குழைந்து கட்டியாகும். மாஸ்டரை அவசரப்படுத்தினால் இதுதான் நடக்கும். சீக்கிரம் கிடைக்கும், நன்றாக இருக்காது, பிறகு அதே ஆள் "இன்னைக்கு ரைஸ் சரியில்ல" என்பார்.

கணக்கு இப்படி: முன்னால் ஐந்து பிளேட் இருக்கிறது, சுற்றுக்கு இரண்டு, ஆக உங்களுடையது மூன்றாவது சுற்று. மூன்று சுற்றுக்குப் பதினைந்து நிமிடம், தட்டு எடுக்க, கடாய் கழுவ இரண்டு நிமிடம். "பதினேழு, பதினெட்டு நிமிஷம் ஆகும்ண்ணா, இருப்பீங்களா?" என்று கேளுங்கள். கேள்வியாகக் கேட்பது முக்கியம். போகிறேன் என்று சொல்ல அவருக்கு வழி விட வேண்டும். பத்துப் பேரில் இரண்டு பேர் போய்விடுவார்கள் என்று பயந்து நேரத்தைக் குறைத்துச் சொல்லும் முதலாளிகள் உண்டு. போனவர் நாளைக்கு வருவார். ஏமாந்து நின்றவர் வர மாட்டார்.

சொன்ன நேரம் தாண்டப் போகிறது என்றால் அவர் வந்து கேட்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். "கேஸ் மாத்தறோம்க்கா, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று காரணத்தையும் புது நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் யாரும் கத்துவதில்லை.

ஒரே ஐட்டம் சேர்வதால் பின்னால் வந்தவருக்கு முன்னால் கிடைக்கும் சிக்கலும் உண்டு. ஒருவர் சில்லி சிக்கன் சொல்லிக் காத்திருப்பார். அவருக்குப் பின் வந்தவர் எக் ரைஸ் கேட்க, ஏற்கெனவே எக் ரைஸ் ஓடிக்கொண்டிருப்பதால் மாஸ்டர் அதையும் சேர்த்துப் போட்டுவிடுவார். அடுப்புக்கு அது லாபம்தான், நின்றிருப்பவருக்குத் தெரியாது. "அவங்களுது இதே கடாய்ல போகுதுண்ணா, அடுத்தது உங்களுது" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். ஒரு சுற்றுக்கு மேல் யாரையும் இப்படிப் பின்னுக்குத் தள்ளக் கூடாது.

பஸ்ஸில் வந்து இறங்குபவர்கள் விஷயம் தனி. நெடுஞ்சாலை மோட்டலில் பஸ் நிற்பது பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடம்தான். பயணி முதல் வார்த்தையாக "பஸ் பத்து நிமிஷத்துல கிளம்பும்" என்று சொல்லிவிட வேண்டும். கடைக்காரர் அந்த நேரத்துக்குள் முடிவதை மட்டும் சொல்ல வேண்டும். பஸ் ஹாரன் அடிக்கும்போது பாதித் தட்டோடு ஓடவைக்கும் ஆர்டரை வாங்காமல் இருப்பதே மரியாதை. அடுப்பில் போட்ட பிறகு பஸ் கிளம்பி, பயணி பணம் கொடுக்காமல் ஏறிவிடுவதும் நடக்கிறது. நேரம் முதலிலேயே பேசப்பட்டிருந்தால் இரண்டும் தவிரும்.

முடிந்ததும் முடியாததும்

"காரம் கம்மியா போடுங்க" என்று எல்லாரும் கேட்பார்கள். ரைஸிலும் நூடுல்ஸிலும் இது எளிது, ஏனென்றால் மிளகுத்தூளும் சில்லி சாஸும் கடாயில்தான் விழுகின்றன. சில்லி சிக்கனில் முடியாது. மிளகாய்த்தூள் ஊறவைத்த மசாலாவிலேயே ஏறியிருக்கும். கடாயில் எதையும் சேர்க்காமல் விட்டாலும் துண்டின் காரம் குறையாது. "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வழக்கம்போலப் போட்டுக் கொடுப்பது குழந்தையோடு வந்தவருக்குச் செய்யும் துரோகம். "சிக்கன்ல மசாலா ஏற்கெனவே ஊறியிருக்குங்க, குழந்தைக்குன்னா எக் ரைஸ்ல மிளகு கம்மியா போட்டுத் தரட்டுமா?" என்று கேட்கலாம்.

அஜினமோட்டோ வேண்டாம் என்றால் கடாயில் போடாமல் இருக்க முடியும். ஆனால் சில சாஸ் பாட்டில்களிலேயே அது சேர்ந்திருக்கும். லேபிளைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். பூண்டு வேண்டாம் என்பது ரைஸில் முடியும், அரைத்து வைத்த கிரேவியில் முடியாது. ஒருவர் முட்டையோ வேர்க்கடலையோ முந்திரியோ வேண்டாம் என்றால், "பிடிக்காதுங்களா, ஒத்துக்காதுங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒத்துக்கொள்ளாது என்றால் கடாயையும் கரண்டியையும் கழுவித்தான் போட வேண்டும். கழுவ முடியாத கூட்டமாக இருந்தால் முடியாது என்று சொல்லுங்கள்.

சைவம் கேட்பவரிடம் மறைக்கவே கூடாதது எண்ணெய். பல கடைகளில் சிக்கன் பொரித்த எண்ணெயிலேயே கோபியும் பொரிகிறது. புரட்டாசியிலும், கார்த்திகை மார்கழியில் ஐயப்பன் மாலை போட்ட நாட்களிலும் இந்தக் கேள்வி அதிகம் வரும். கர்நாடகா, ஆந்திரா பக்கமிருந்து வேன் வேனாக சாமிமார்கள் நம் சாலை வழியாகத்தான் போகிறார்கள். "அதே எண்ணெய்தாங்க, அதே கடாய்தாங்க" என்று சொன்னால் ஒரு பிளேட் விற்காது, அவ்வளவுதான். அந்த மாதங்களுக்கு மட்டுமாவது ஒரு தனிக் கடாய், தனிக் கரண்டி, சின்ன எண்ணெய்ச் சட்டி வைத்துவிட்டால், உண்மையும் சொல்லலாம், வியாபாரமும் நடக்கும். ஹலால் பற்றிக் கேட்டாலும் அப்படியே. கறி எந்தக் கடையில் வாங்கியது என்று தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் முதலாளியைக் கேட்டுச் சொல்லுங்கள். நம்பிக்கை சம்பந்தப்பட்ட கேள்விக்கு ஊகத்தில் பதில் சொல்லக் கூடாது. கேட்பவரும் விசாரணை போலக் கேட்காமல், வாங்கலாமா என்று தெரிந்துகொள்ளும் குரலில் கேட்டால் உண்மையான பதில் சுலபமாக வரும்.

மயோனைஸ் கேட்டு வருபவர்களுக்கும் ஒரு விளக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் எளிதாகப் பெருகும் என்பது காரணம். "முட்டை மயோனைஸ் வைக்கறதில்லைங்க, முட்டையில்லாததுதான்" என்று சொன்னால் போதும். வேறு கடையில் கொடுக்கிறார்களே என்று வற்புறுத்துவதில் பயனில்லை. கோபியும் சிக்கனும் ஏன் சிவப்பாக இல்லை என்று கேட்பவருக்கும் "கலர் பவுடர் போடறதில்லைங்க, மிளகாய்த்தூள் நிறம்தான்" என்று பெருமையாகவே சொல்லலாம்.

பணம்

விலைப் பலகை கல்லாவுக்கு மேலே, நிற்குமிடத்திலிருந்து படிக்கும் அளவுக்கு இருக்கட்டும். ஹாஃப் விலையும் ஃபுல் விலையும் பார்சல் டப்பாவுக்குத் தனிக் காசு என்றால் அதுவும் அதில் இருக்க வேண்டும். கையில் பொட்டலம் கொடுத்தபின் "டப்பா பத்து ரூபா" என்றால், பத்து ரூபாய் பெரிதில்லை, முன்னால் சொல்லாததுதான் உறுத்தும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள், தட்டில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் போன்றவற்றுக்குத் தடை இருப்பதால் சூடான கிரேவியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கேட்காதீர்கள். வாய் அகன்ற, ஈரமில்லாத, மூடியுள்ள பாத்திரம் கொண்டுவந்து, ஆர்டர் சொல்லும்போதே கொடுத்துவிட்டால் டப்பாக் காசும் மிச்சம். கடைக்காரர் அதில் டோக்கன் எண்ணை ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரம் மாறிப் போகும்.

பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. விரும்பினால் கொடுக்கலாம், வேண்டாம் என்றால் எடுத்துவிடச் சொல்லலாம். ஜி.எஸ்.டி. அப்படியல்ல, அது வரி. தங்கும் விடுதியோடு சேராத தனி ஓட்டல்களுக்கு 5 சதவீதம். காம்போசிஷன் திட்டத்தில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடையே வரியாகக் கட்டும் முறையில், பதிவு செய்த சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வசூலிக்க முடியாது. இது கல்லாவில் இருக்கும் பையனுக்குத் தெரிந்திருந்தால் பில்லைப் பார்த்துக் கேட்பவரிடம் திணற மாட்டான். கேட்பவரும் பையனோடு வாதாடாமல் முதலாளியைக் கூப்பிடச் சொல்லலாம். பில் போடும் முறையை அவன் தீர்மானிக்கவில்லை.

நோட்டு வாங்கும்போது தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஐநூறு வாங்கியிருக்கேன், பில் போக மிச்சம் இருநூத்தி எண்பது." மிச்சத்தைக் கொடுத்து அவர் எண்ணி முடிக்கும் வரை அந்த ஐநூறைக் கல்லாவுக்குள் போடாமல் மேலேயே வையுங்கள். "நான் ஐநூறு கொடுத்தேன்", "இல்ல, இருநூறுதான்" என்ற தகராறுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. கடை திறக்கும்போது பத்து ரூபாயில் முப்பது, இருபதில் இருபது, ஐம்பதில் பத்து, ஆக ஆயிரத்து இருநூறு ரூபாய்ச் சில்லறை இருந்தால் ஒரு மாலை ஓடும். சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டாதீர்கள். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மாட்டோம் என்று நம் மாவட்டங்களில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை தெளிவுபடுத்திவிட்டது. மறுக்க எந்தக் காரணமும் இல்லை.

யு.பி.ஐ. தடுமாறும்போதுதான் குரல் உயரும். பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி சத்தம் போடவில்லை, வாடிக்கையாளர் போனில் பணம் போய்விட்டது என்கிறது. முதலில் இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு கடையின் ஆப்பில் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் அவருடைய பரிவர்த்தனை எண்ணை, அது 12 இலக்கம், சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்கு வந்து சேராத பணம் ஐந்து நாளுக்குள் அவர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே கையில் ரொக்கம் இருந்தால் வாடிக்கையாளர் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போவது நியாயம். உள்ளூர்க்காரர், சின்னத் தொகை என்றால் நம்பி அனுப்புவது கடைக்கு நல்லது. "எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்" என்ற வசனம் மட்டும் வேண்டாம். அவரைத் திருடன் என்று நாலு பேர் முன்னால் சொன்னதாகிவிடும்.

தட்டில் குறை வந்தால்

வாடிக்கையாளர் முதல் இரண்டு வாயிலேயே சொல்லிவிட வேண்டும். முக்கால் தட்டைக் காலி செய்துவிட்டு உப்பு அதிகம் என்றால் யார் நம்புவார்கள்? தட்டை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போங்கள். பரிமாறிய பையனைத் திட்டாதீர்கள், சமைத்தது அவன் இல்லை. என்ன குறை, உங்களுக்கு என்ன வேண்டும், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "முடி இருக்கு, வேற போட்டுக் கொடுங்க" அல்லது "பணம் திருப்பிக் கொடுங்க." போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டே பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் பதில் சொல்ல மாட்டார், தற்காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். கடை மறுத்தால் தட்டை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் செய்ய வேண்டிய வரிசை: முழுதாகக் கேட்பது. "தப்புதாங்க" என்று ஒரு முறை சொல்வது. தட்டை உடனே மேசையிலிருந்து எடுப்பது. மாற்றா பணமா என்று கேட்பது. மாற்று என்றால் எத்தனை நிமிடம் என்று சொல்வது. அவருடைய தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். முடியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு அதே தட்டை மறுபடி வைப்பதும் கூடாது. மாற்றுப் பிளேட் வரிசையில் கடைசிக்குப் போகாமல் அடுத்த சுற்றிலேயே போக வேண்டும். பின்னால் நிற்பவரிடம் காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

சிக்கன் உள்ளே வேகவில்லை என்று யாராவது காட்டினால், அது ஒரு பிளேட்டோடு நிற்கும் குறை அல்ல. துண்டு பெரிதாக வெட்டப்பட்டிருக்கலாம், ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஐஸ் முழுதாக விடுவதற்கு முன் போட்டிருக்கலாம், எண்ணெய் மிஞ்சிய சூட்டில் இருந்து வெளியே கருகி உள்ளே பச்சையாக நின்றிருக்கலாம். அதே சுற்றில் பொரித்த துண்டுகள் வேறு மேசைக்கும் போயிருக்கும். உடனே அந்தச் சுற்றில் பொரித்ததை எல்லாம் நிறுத்தி, பெரிய துண்டைப் பிளந்து பாருங்கள். வாங்கிப் போனவர்களில் இன்னும் கடையில் இருப்பவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லிப் புதிது கொடுங்கள். சொல்ல வெட்கமாக இருக்கும். வயிற்றுப்போக்கோடு ஒரு குடும்பம் ஆஸ்பத்திரிக்குப் போவதைவிட இது பரவாயில்லை.

கடை சரிசெய்ய மறுத்தால் வாடிக்கையாளருக்கு வழி உண்டு. பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கும். அதை வைத்து மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. இணையத்தில் எழுதுவதானால் தேதி, நேரம், ஐட்டம், நடந்தது ஆகியவற்றை எழுதுங்கள், கடைப் பையன் பெயரையும் படத்தையும் போடாதீர்கள்.

மொழி

பெயருக்குப் பக்கத்தில் எண்ணும் போட்ட மெனு அட்டை ஒன்று இருந்தால் பாதிச் சிக்கல் போய்விடும். விரலால் காட்டி "நாலு, ரெண்டு" என்றால் யாருக்கும் புரியும். "காரம்" தெலுங்கிலும் கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதேதான், "கம்மி"யும் பெரும்பாலும் ஓடும். கொஞ்சம் பொறுங்கள் என்பதற்குத் தெலுங்குக்காரரிடம் "கொஞ்செம் ஆகண்டி", கன்னடக்காரரிடம் "ஸ்வல்ப இரி" என்று சொல்லப் பழகினால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம். வெளிமாநிலப் பையனைக் கல்லாவில் வைக்கும் முன் வாங்க, எத்தனை, பார்சலா, காரம், இருங்க, இல்லைங்க, இந்த ஆறையும் எண்கள் நூறு வரையும் சொல்லிக்கொடுங்கள். வாடிக்கையாளர் அவரிடம் சத்தமாகப் பேசுவதால் பயனில்லை. மெதுவாகப் பேசினால் புரியும்.

குடித்துவிட்டு வருபவர்

டாஸ்மாக் இரவு பத்துக்கு மூடும். பத்திலிருந்து பதினொன்றுக்குள் வரும் கூட்டத்துக்குத் தனி முறை வேண்டும். ஆர்டருக்கு முன் பணம், முடிந்தவரை பார்சல். கடையிலிருந்து ஒருவர் மட்டும் பேசட்டும், அவர் மூத்தவராக இருக்கட்டும். மற்றவர்கள் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்க வேண்டாம். இரண்டு பேர் பதில் சொன்னால் அவருக்கு அது சண்டையாகத் தெரியும். "அண்ணா" என்ற விளிப்பு கடைசி வரை மாறக் கூடாது. கேலி செய்து சிரிப்பது கூடவே கூடாது. கொதிக்கும் எண்ணெய் இருக்கும் பக்கம் அவர் வராதபடி ஒரு மேசையைக் குறுக்கே போட்டுவிடுங்கள். பெண்கள் வேலை செய்யும் கடையில் அந்த நேரத்துக்கு அவர்களைப் பரிமாறும் இடத்திலிருந்து உள்வேலைக்கு மாற்றலாம், ஆனால் அதற்காகச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. கை நீட்டினால் பேச்சு முடிந்தது, 112 அல்லது 100க்கு அழையுங்கள். கூட வந்திருக்கும் நண்பர் நிதானத்தில் இருந்தால், அவரிடம் பேசுவது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

முதலாளி காட்டும் மரியாதை

வாடிக்கையாளர் முன்னால் வேலையாளைத் திட்டுவதுதான் ஒரு கடையின் மரியாதையை வேகமாக அழிக்கும் செயல் என்பது எங்கள் உறுதியான கருத்து. முதலாளி திட்டியதைப் பார்த்த வாடிக்கையாளர் அடுத்த முறை தானும் திட்டுவார். திட்டு வாங்கிய பையன் அடுத்த தட்டை டொக்கென்று வைப்பான். தப்பு நடந்தால் கல்லாவில் இருப்பவர் "நான் பாத்துக்கறேன்" என்று முன்னால் வர வேண்டும், பையனிடம் பேச வேண்டியதைக் கடை மூடியபின் பேசலாம்.

நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு உட்கார இடம் கொடுப்பது தயவு இல்லை, சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி எல்லா வேலையாளுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். மாஸ்டருக்கு அடுப்பை விட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது ஐந்து நிமிடம் வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் அந்தச் சூட்டில் தண்ணீரும் மோரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கூட்டம் தொடங்குமுன் ஆறு மணிக்கே ஆட்கள் சாப்பிட்டுவிடட்டும். பசியோடு அடுத்தவருக்குப் பரிமாறுபவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. டிப்ஸ் பெட்டி வைத்தால் தட்டுக் கழுவுபவருக்கும் மாஸ்டருக்கும் அதில் பங்கு உண்டு என்பதை முன்பே பேசி வையுங்கள்.

ஸ்விகி, சொமேட்டோ எடுக்க வரும் பிள்ளைகளையும் இதில் சேர்க்க வேண்டும். ஆர்டர் தயாராகாமலேயே தயார் என்று ஆப்பில் அழுத்தினால் அவர்கள் நேரம்தான் போகிறது. நிற்க ஓரமாக ஓர் இடமும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். நேரில் நிற்பவர்களின் வரிசையும் ஆப் ஆர்டர்களும் ஒரே எண் வரிசையில் ஓடினால் "அவனுக்கு மட்டும் ஏன் முன்னாடி" என்ற கேள்வி எழாது. கூட்டம் மிஞ்சினால் அரை மணி நேரம் ஆப்பை நிறுத்தி வைக்கலாம்.

கடை சாத்தும் நேரம்

கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று பலகையில் எழுதுங்கள். பதினொரு மணிக்குச் சாத்துவதென்றால் கடைசி ஆர்டர் பத்தரை. அடுப்பை அணைத்தபின் எண்ணெயை இறக்கி வடிகட்ட, கடாய் தேய்க்க, தரை கழுவ நாற்பது நிமிடமாவது ஆகும்; மொரப்பூர், அரூர் பக்கமிருந்து வரும் ஆட்கள் கடைசி பஸ்ஸையும் பிடிக்க வேண்டும். பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உட்கார்ந்திருப்பவர்களிடம் "வேற ஏதாவது வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, அடுப்பு நிறுத்தப் போறோம்" என்று சொல்லிவிடுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் மேசையைத் தவிர மற்ற நாற்காலிகளை மடக்கலாம், அவர் காலடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது, அவர் தலைக்கு மேல் விளக்கை அணைக்கக் கூடாது. அணைத்த அடுப்பைப் பார்த்தபின் "ஒரே ஒரு பிளேட்" என்று வருபவர், அந்த ஒரு பிளேட்டுக்குக் கழுவிய கடாயை மறுபடி ஏற்ற வேண்டும் என்பதை நினைக்க வேண்டும். மீதமிருக்கும் முட்டையில் ஆம்லெட் போட்டுத் தர முடிந்தால் கடைக்காரர் கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்றால் திறந்திருக்கும் பக்கத்துக் கடையை வழி சொல்லி அனுப்புங்கள்.